தட்டிக்கு மேல கூரை கிடையாது

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர்க் கடற்கரையில நாலு தம்பிமாரோட வாய்த்தகராறு ஆகிப்போச்சு. அடிதடி எதுவும் இல்ல. ஆனா வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தும் மனசு ஆறல. மழை, மிளகாய், மாடுன்னு வழக்கமா எழுதுறதை இந்தத் தடவை ஓரமா வச்சுட்டு இதை எழுதுறேன். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் இருந்து படிக்கிறவங்க கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க. இது உங்களுக்குத்தான்.

மீன் வாங்கலாம்னு காலையில ஏழு மணிக்குப் படகு வந்து நிக்கிற இடத்துக்குப் போயிருந்தேன். சென்னைப் பதிவு எண் போட்ட கார் ஒண்ணு நிக்குது. நாலு பேருக்கும் இருபத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும். ஒருத்தன் கையில ரிமோட், மத்தவங்க அவன் தோளுக்கு மேல எட்டிப் பார்க்குறாங்க. ட்ரோன் மொதல்ல படகுகளுக்கு மேல சுத்துச்சு. சரி, சின்னப் பசங்க, ஆசைக்கு விடுறாங்கன்னு நானும் நின்னு பார்த்தேன். அப்புறம் அது அப்படியே திரும்பி ஊருக்குள்ள போச்சு. தென்னை மர உசரத்துல, வீடுகளுக்கு மேல, ஒவ்வொரு தெருவா மெதுவா.

கிட்ட போய், "தம்பி, வீடுகளுக்கு மேல விடாதீங்க, இது பொம்பளைங்க குளிக்கிற நேரம்"னு சொன்னேன். ஒருத்தன் சொன்னான், "அங்கிள், இது கிரீன் ஸோன். பர்மிஷன் தேவையில்ல." இன்னொருத்தன், "250 கிராமுக்குக் கீழதான் அங்கிள், தலையில விழுந்தாக்கூட ஒண்ணும் ஆகாது"ன்னான். மூணாவது தம்பி சிரிச்சுக்கிட்டே, "உங்க ஊரை ஃபேமஸ் ஆக்கத்தான் வந்திருக்கோம்"னு சொல்லுது.

வானத்துல என்னமோ சுத்துதுன்னு கிராமத்தான் பயந்துபோய் வந்திருக்கான்னு நெனச்சுட்டாங்க. நான் சொன்னேன்: "காத்து மேற்க இருந்து அடிக்குது. கடல் பக்கம் போய்த் திரும்புறப்ப எதிர்காத்து. பேட்டரி பாதி இருக்கும்போதே திருப்பிடுங்க, இல்லன்னா தண்ணியிலதான் எடுக்கணும்." நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "அங்கிள், நீங்க ஓட்டுவீங்களா?" "ரெண்டு வருஷமா ஓட்டுறேன்"னேன்.

ஆமா. திருப்பாலைக்குடியில மூணு ஏக்கர் மானாவாரி நெல்லும் அரை ஏக்கர் முண்டு மிளகாயும் போடுற, ஐம்பத்தாறு வயசு ஆளு ட்ரோன் ஓட்டுறேன். அதுனால இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு. வெறும் எதிர்ப்புக்காகச் சொல்றவன் இல்ல நான்.

ஆரம்பிச்சது இப்படித்தான். சென்னையில வேலை பார்க்குற என் மகன் ஒரு பொங்கலுக்கு ரிச்சி தெருவுல ஒரு பொம்மை ட்ரோன் வாங்கிட்டு வந்தான், பேரனுக்குன்னு. பேரன் ரெண்டு நாள் விளையாடிட்டு விட்டுட்டான். அது அலமாரியில தூங்குது. மாசி மாசம் அறுப்பு முடிஞ்சு களம் காலியா கெடக்கு. ஒரு சாயங்காலம் யாரும் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்துட்டுப் போனேன். ரெண்டு குச்சி. இடது குச்சி ஏத்தி இறக்கும், சுத்தும். வலது குச்சி முன்ன பின்ன, இடம் வலம் தள்ளும். கேக்குறதுக்கு லேசு. ட்ரோன் மூஞ்சி நம்மளைப் பார்த்துத் திரும்பினதும் இடம் வலமாயிரும், வலம் இடமாயிரும். நாலாவது நாளே கருவேலங்காட்டுக்குள்ள போய்ச் சொருகிடுச்சு. முள்ளுல கை கால் கிழிஞ்சு எடுத்துட்டு வந்தேன். வீட்டுக்காரி, "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா"ன்னு மஞ்சப்பத்து போட்டுவிட்டா.

விடல. ஒரே இடத்துல, தலை உசரத்துல, ஆடாம அசையாம நிறுத்தப் பழகவே மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் மகன் கேமரா வச்ச சின்ன ட்ரோன் ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். அதை மொத மொதல்ல அம்பது அடிக்கு ஏத்தி, செல்போன்ல என் வயலைப் பார்த்தப்ப எனக்குப் பேச்சு வரல. நாற்பது வருஷமா மிதிச்ச மண்ணு. வரப்பு எங்க வளையுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன். ஆனா கடைமடைப் பக்கம் உவர் எப்படி ஒரு நாக்கு மாதிரி உள்ள நீளுதுங்கிறது மேல இருந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுச்சு. பங்குனியில மிளகாய்ப் பழத்தைக் களத்துல காயப்போட்டிருந்தப்ப பார்த்தேன். அந்தச் சிவப்பை இவ்வளவு பக்கத்துல இருந்தும் நான் பார்த்ததே இல்ல.

இதுல ஒரு சங்கடம் உண்டு. ஊர்லயும் சரி, உங்க ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களும் சரி, நான் ட்ரோன் ஓட்டுறேன்னு சொன்னா அடுத்த கேள்வி: "மருந்தடிக்கவா?" அரசாங்கமும் அப்படித்தான் பார்க்குது. 2023 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ட்ரோன் சகோதரி திட்டத்துல 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன். 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீடு. விலையில 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் மானியம். எல்லாம் உரம் தெளிக்க, மருந்து தெளிக்க. நல்ல திட்டம்தான், குறை சொல்லல. ஆனா ஒரு விவசாயி சும்மா, ஆசைக்கு, விளையாட்டுக்குப் பறக்கவிடுவான்னு யாருக்கும் தோணல. நகரத்துல இருக்கவன் பறக்கவிட்டா ஹாபி. நான் பறக்கவிட்டா அதுக்கு ஒரு தொட்டியும் நாஸிலும் இருக்கணும். எங்க ஊர் வயலா இருக்கலாம், உங்க வீடியோவுக்குப் பின்னணியா இருக்கலாம். ஆளுங்க வாழுற இடம்னு மட்டும் யாருக்கும் ஞாபகம் வர்றது இல்ல. என் கோவமே இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

அந்தத் தம்பி சொன்ன பச்சைக்கு வர்றேன்.

2021 ஆகஸ்ட் 25ஆம் தேதி மத்திய அரசு புதிய ட்ரோன் விதிகளை வெளியிட்டுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த கெடுபிடி பாதிக்கு மேல போயிருச்சு. 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோன்னு எடையை வச்சுப் பிரிச்சாங்க. நானோ ஓட்டவும், காசு பார்க்காம மைக்ரோ ஓட்டவும் பைலட் சான்றிதழ் வேண்டாம். சான்றிதழ் வேணும்னாலும் பத்தாம் வகுப்பு பாஸ், 18லருந்து 65 வயசு, அங்கீகாரம் உள்ள பள்ளியில பயிற்சி, அவ்வளவுதான். என்னால கூட வாங்க முடியும். அடுத்த மாசமே டிஜிட்டல் ஸ்கைங்கிற தளத்துல நாடு முழுசுக்கும் வரைபடம் போட்டாங்க. சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம கூடாது. மஞ்சள்னா விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட அனுமதி. பச்சைன்னா 400 அடி வரைக்கும் அனுமதியே வேண்டாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது நல்ல காலம்தான். நானே இதுனாலதான் ஓட்டுறேன். ஆனா இந்த நிறமெல்லாம் எதை வச்சுப் போட்டாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. விமான நிலையத்து வேலியில இருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை அடி உசரம், பக்கத்துல ராணுவ இடம் இருக்கா, இதுதான் கணக்கு. 8லருந்து 12 கிலோமீட்டருக்குள்ளன்னா பச்சை 200 அடியோட முடிஞ்சிரும். அதுக்கு மேல மஞ்சள். மேல பறக்குற விமானத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதுன்னு போட்ட கோடு அது. பச்சைன்னா மேல விமானம் இல்லன்னு அர்த்தம். கீழ மனுஷன் இல்லன்னு அர்த்தம் இல்ல.

சென்னையில மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரத்துல விமானப்படைத் தளம். அங்க பல இடத்துல கிளப்ப முடியாதுன்னுதான் காரை எடுத்துக்கிட்டு எங்களைத் தேடி வர்றீங்க. வாங்க. ஆனா உங்க ஊர்ல விமானத்துக்குக் கொடுக்குற மரியாதையை எங்க ஊர்ல மனுஷனுக்குக் கொடுங்க.

இதை நான் மேடையில நின்னு சொல்லல. நானே செஞ்ச தப்பைச் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

கேமரா ட்ரோன் வந்த புதுசு. ஒருநாள் காலையில வீட்டு மொட்டை மாடியில இருந்தே கிளப்பினேன். ஊர் மொத்தத்தையும், பின்னாடி கடலையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பணும்னு ஆசை. எடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ணு தன் மாமியாரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னுச்சு. என்னை அண்ணேன்னு கூப்பிடும். புருஷன் சவூதியில இருக்கான். "அண்ணே, காலையில உங்களோடது எங்க வீட்டு மேல நின்னுச்சு. அதுல படம் விழுந்திருக்குமா?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு எதுவும் புரியல. வீடியோவைப் போட்டுப் பார்த்தோம், மூணு பேரும். அவங்க வீட்டுப் பின்னாடி பனையோலைத் தட்டி கட்டி அதுக்குள்ளதான் குளிக்கிறாங்க. என் ட்ரோன் அதுக்கு நேர் மேல வருது. ஒரு நாலு நொடி. உள்ள இருந்து ஒரு தலை நிமிர்ந்து மேல பார்க்குது. முகம் தெளிவா இல்ல. ஆனா யாருன்னு எங்க மூணு பேருக்கும் தெரியும். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நானும்தான்.

அங்கேயே அழிச்சேன். மகனுக்கு இன்னும் அனுப்பலன்னு செல்போனைக் கையில கொடுத்துக் காட்டினேன். "அவர் போனுக்கு எப்படியும் போயிராதே அண்ணே?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. போகாதும்மான்னேன். நம்பின மாதிரி தெரியல. நம்பச் சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

அடுத்த வாரம் அந்தத் தட்டிக்கு மேல ஒரு நீலத் தார்ப்பாய் ஏறுச்சு. சித்திரை வெயில்ல அதுக்குள்ள நின்னு குளிக்கிறது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. தார்ப்பாய்க்கு நான் காசு கொடுக்குறேன்னு சொன்னதுக்கு மாமியாரம்மா, "இருக்கட்டும் தம்பி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நான் விளையாடுன விளையாட்டுக்கு அவங்க புழுங்குறாங்க.

அன்னைக்குத்தான் ஒண்ணு உறைச்சுச்சு. எங்க ஊர்ல மறைப்பு எல்லாமே பக்கவாட்டுல மட்டும்தான். குளிக்கிற தட்டிக்குக் கூரை கிடையாது. கண்மாய்ப் படித்துறையில பொம்பளைங்க இறங்குற பக்கம் கருவேலம் புதர்தான் மறைவு. இன்னமும் சில வீட்டுல விடிகாலையில செடி மறைவுக்குத்தான் போறாங்க. வெட்கப்பட்டுத்தான் எழுதுறேன், ஆனா அதுதான் உண்மை. முத்தத்துல பாய் போட்டுத் தூங்குவோம். பிள்ளைக்குப் பால் கொடுக்குறது, ஈரத்தலை காயவைக்கிறது, சண்டை போடுறது, அழுவுறது, எல்லாம் கொல்லைப்புறத்துல, வானத்துக்குக் கீழதான். ஏன்னா மேல இருந்து யாரும் பார்த்தது இல்ல. எங்க தாத்தா காலத்துல இருந்து மேல பார்த்தது சாமியும் பருந்தும்தான்.

உங்க வாழ்க்கை அப்படி இல்ல. குளியலறைக்கு நாலு சுவரும் மேல சிமெண்டுக் கூரையும் உண்டு. ஜன்னலுக்குத் திரை உண்டு. அதனால ட்ரோன் ஒரு அழகான பொருளா மட்டும் உங்களுக்குத் தெரியுது. சரி, ஒரு கணக்குப் போடுவோம். நான் என் ட்ரோனை எடுத்துக்கிட்டு வந்து உங்க அபார்ட்மென்ட் ஆறாவது மாடிப் பால்கனி முன்னாடி நிறுத்தி, "பயப்படாதீங்க தம்பி, 250 கிராம்தான், உங்க ஃபிளாட்டை ஃபேமஸ் ஆக்குறேன்"னு சொன்னா என்ன ஆகும்? செக்யூரிட்டி ஓடி வருவார். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல என் படம் வரும். அரை மணி நேரத்துல போலீஸ் வரும். வரணும். அதுதான் நியாயம். எங்க ஊர்ல செக்யூரிட்டியும் இல்ல, அசோசியேஷனும் இல்ல. மீன் வாங்க வந்த ஒரு கிழவன்தான் இருந்தான்.

நீங்க கேக்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். நேவி விமானமே பறக்குதே, அதைக் கேப்பீங்களான்னு அந்தத் தம்பியும் கேட்டான். ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற வழியில உச்சிப்புளியில கடற்படை விமானத்தளம் இருக்கு. பேரே ஐ.என்.எஸ். பருந்து. 2009ல இருந்து அந்தப் பேர்ல இயங்குது. 2012ல ஆளில்லா விமானத்துக்குன்னே தனிப் படைப்பிரிவு ஒண்ணு அங்க வந்துச்சு. நீங்க ட்ரோன்ங்கிற வார்த்தையைக் கேள்விப்படுறதுக்கு முன்னாடியே எங்க கரைக்கு அது பழக்கம். ஆனா அது யாரோடது, எதுக்குப் பறக்குது, ஏதாவது ஆனா யார்கிட்ட போய்க் கேக்கணும்னு ஊருக்குத் தெரியும். உங்களோடது யாரோடது? கார் ஈ.சி.ஆர்.ல ஏறிட்டா உங்களை நாங்க எங்க தேடுறது?

சட்டம் இருக்கேம்பீங்க. இருக்கு. 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. பொம்பளையை ஒளிஞ்சு படம் எடுக்குறது பாரதிய நியாய சன்ஹிதாவுல 77ஆம் பிரிவுக் குற்றம். ட்ரோன் விதியை மீறினா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. எல்லாம் சரி. நூறு அடி மேல நிக்கிற ட்ரோனோட பதிவு எண்ணைத் தட்டிக்குள்ள இருக்குற பொண்ணு எப்படிப் படிக்கும்? படிச்சாலும், நான் குளிக்கிறப்ப எடுத்தாங்கன்னு ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? சட்டத்துல தப்புன்னு இருக்குறதை மட்டும் செய்யாம இருந்தாப் போதும்னு நெனச்சா, பிடிபடாத வரைக்கும் எல்லாமே சரியாத்தான் போகும்.

இன்னொருத்தர் சொல்வார், நாங்க கெட்ட எண்ணத்தோட எடுக்கல, இயற்கையைத்தான் எடுக்குறோம்னு. நானும் கெட்ட எண்ணத்தோட எடுக்கலையே. கடலைத்தான் எடுத்தேன். கேமராவுக்கு எண்ணம் கிடையாது, கீழ இருக்குற எல்லாத்தையும் எடுக்கும். 2020 ஏப்ரல்ல ஊரடங்கு நேரத்துல திருப்பூர் போலீஸ் ட்ரோன் வீடியோ ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கேரம் போர்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஓடினாங்களே. நானும் பத்துத் தடவை பார்த்துச் சிரிச்சேன். ஓடுனவங்க வீட்டுல யாராவது சிரிச்சாங்களான்னு அன்னைக்கு யோசிக்கல.

ஹாபி, ஹாபின்னு சொல்றதுலயும் ஒரு சின்னப் பொய் இருக்கு. 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோன்ல எடுத்த வீடியோவைப் போட்டு விளம்பரக் காசு வாங்கினா, அது வியாபாரக் கணக்குல வரும். அதுக்குச் சான்றிதழ் வேணும். வெளிநாட்டு ட்ரோனை முழுசா இறக்குமதி பண்ண 2022 பிப்ரவரியில இருந்து தடை. எங்க ஊர்ப் பசங்க வளைகுடாவுல இருந்து வர்றப்ப ஆசையா பெட்டியில வச்சுட்டு வந்து, சுங்கத்துல பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க. விதி எளியவனுக்கு மட்டும்தான்னா அது விதி இல்ல.

எடுக்கவே கூடாதுன்னு சொல்லல. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாம்பன் புதுப் பாலம் திறந்தப்ப, நடுவுல அந்த 72 மீட்டர் இரும்பு அப்படியே மேல ஏறுறதை ட்ரோன்ல எடுத்த வீடியோவா நானும் பார்த்தேன், மெய்சிலிர்த்துச்சு. பாலத்துக்கு வெட்கம் கிடையாது. ஆனா எங்களுக்குத் தெற்க தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நவபாஷாணம் இருக்கே, அங்க நான் பார்த்ததைச் சொல்றேன். அப்பனுக்குத் திதி கொடுக்க வந்தவன் ஈர வேட்டியோட எள்ளும் தண்ணியும் விட்டுக்கிட்டு அழுவுறான். அவன் தலைக்கு மேல ஒரு ட்ரோன் வண்டு மாதிரி இரைஞ்சுக்கிட்டு நிக்குது. அவன் அழுகையை முடிக்கவே இல்ல. மேல பார்த்துட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுட்டு, வெளிய வந்துட்டான். அந்த வீடியோவுக்கு எத்தனை லைக் வந்துச்சோ.

சரி, திட்டிட்டேன். கத்துக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு, அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன் சொல்றேன்.

மொதல்ல பொம்மை ட்ரோன்ல பழகுங்க. கேமரா இல்லாததா இருந்தா ரொம்ப நல்லது, பறக்குறதுல மட்டும் புத்தி போகும். தலை உசரத்துல அசையாம நிறுத்தப் பழகாம பத்தடிக்கு மேல ஏத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் கிளப்புறதுக்கு முன்னாடி வரைபடத்தைப் பாருங்க, நேத்துப் பச்சையா இருந்தது இன்னைக்கு இருக்கணும்னு இல்ல. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துல உள்ள அதிகாரி நெனச்சா 96 மணி நேரம் வரைக்கும் ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பா அறிவிக்கலாம். எங்க மாவட்டத்துக்குப் பெரிய தலைவர்கள் வர்றப்ப கவனமா இருங்க.

கடற்கரைக்கு வந்தா காத்தைக் கேளுங்க. செல்போன்ல இருக்குற வானிலையைவிட இங்க படகுல உக்காந்து வலை பின்னிட்டு இருக்குறவர் சரியாச் சொல்வார். ஆனி, ஆடியில கச்சான் காத்து மேற்க இருந்து கடலைப் பார்த்து அடிக்கும். போறப்ப ட்ரோன் சந்தோசமாப் போகும், திரும்பத்தான் வராது. பருந்து வட்டமிடுறப்ப இறக்கிடுங்க, செம்பருந்து தன்னோட இடத்துல எதையும் விடாது. ஐப்பசிக்கு மேல ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயிலயும் மத்தக் கண்மாய்கள்லயும் பறவைங்க வந்து அடையும். அதுங்க மேல விட்டுக் கலைச்சு, கூட்டமாப் பறக்குறதை வீடியோ எடுக்குறது ரசனை இல்ல, பாவம். சரணாலயத்துல வனத்துறை அனுமதி இல்லாம கிளப்பவே கூடாது.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. கீழ இருக்குறவங்ககிட்ட கேளுங்க. எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். டீக்கடையில ஒரு டீ சொல்லிட்டு, "அண்ணே, இங்க ட்ரோன் விடலாமா? எந்தப் பக்கம் விடக்கூடாது?"ன்னு ஒரு வார்த்தை. அஞ்சு நிமிஷம். எந்தத் தெருவுல பொம்பளைங்க குளிக்கிற இடம், எந்த வீட்டுல துக்கம், எங்க ஆடு மேயுது, எல்லாம் சொல்லிடுவாங்க. வீடுகளுக்கு மேல வேண்டவே வேண்டாம். எடுத்ததை அங்க இருக்குற பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அவங்க முன்னாடியே அழிச்சுடுங்க. நான் இப்ப அப்படித்தான் ஓட்டுறேன். மொட்டை மாடியில இருந்து கிளப்புறதை விட்டுட்டேன். வயக்காட்டுக்குப் போய்த்தான் எடுக்குறேன்.

அந்த நாலு தம்பிமார் என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. ட்ரோனை இறக்கினாங்க. "அழிச்சிருங்கப்பா"ன்னேன். "பார்த்துக்குறோம் அங்கிள்"னாங்க. ஒருத்தன் மட்டும் காருல ஏறுறதுக்கு முன்னாடி திரும்பி நின்னு ஏதோ சொல்ல வந்தான், மத்தவங்க ஹாரன் அடிச்சதும் ஏறிட்டான். அதுல எங்க ஊர்ப் பொண்ணுங்க யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க போகும்னும் தெரியாது. அதான் மனசு ஆறல.

அந்தத் தம்பி இதைப் படிச்சா ஒண்ணு சொல்றேன். மாசியில அறுப்பு முடிஞ்சதும் என் வயலும் களமும் காலியாத்தான் கெடக்கும். சுத்தி அரை மைலுக்கு வீடு கிடையாது. ட்ரோனைத் தூக்கிட்டு வாப்பா. பேட்டரி தீருற வரைக்கும் விடலாம். கருவேலங்காட்டுல விழுந்தா நானே எடுத்துத் தர்றேன், எனக்குப் பழக்கம்தான். வர்றப்ப எங்க தெரு வழியாத்தான் வரணும். பக்கத்து வீட்டுக் கொல்லையில ஒரு நீலத் தார்ப்பாய் தெரியும். அதையும் ஒரு தடவை பார்த்துட்டு வா.